ஒரு கை பிடிக்க விடாதவள்

சங்கரன்கோவிலில் படகா என்று வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். எங்கள் ஊரில் தறி உண்டு, மல்லிகைப்பூ உண்டு, ஆடித்தபசுக்கு நிற்க இடமில்லாத கூட்டம் உண்டு. கடல் மட்டும்தான் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், எங்கள் முட்டுச்சந்தின் கடைசிச் சுவரை ஒட்டி, ஒரு ஃபைபர் படகு சில வருஷம் கவிழ்ந்து கிடந்தது. நீல நிறம். வயிற்றில் இரண்டு இடத்தில் வெள்ளை ஒட்டு. அதன் சொந்தக்காரியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். தெருவிலும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. படகுக்காரம்மா என்றால் பால்காரர் முதல் கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் தெரியும்.

அவள் மேல் எனக்கு இருந்தது மரியாதையா கோபமா என்று கேட்டால், வயிற்றெரிச்சல் என்றுதான் சொல்வேன். தண்ணீர் கலக்காத வயிற்றெரிச்சல்.

எதற்கு என்று விளங்க வேண்டுமானால் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் கயிற்றுக் கடைக்காரன். கயிறு, தார்ப்பாய், வாளி, சாக்கு எல்லாம் விற்பேன். ஆனால் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் எதையும் வாங்க வருவதில்லை. "அண்ணாச்சி, ஒரு கை பிடிக்கணும்" என்று வந்து நிற்பார்கள். பீரோ மாடிக்கு ஏற வேண்டுமா, கிரைண்டர் இறங்க வேண்டுமா, சாவு வீட்டுக்கு வந்த ஐஸ் பெட்டி வாசற்படி தாண்ட வேண்டுமா, முதல் ஆள் நான்தான். உடம்பில் பெரிய பலமெல்லாம் கிடையாது. என் பலம் வாயில். "எல்லாரும் அடியில பிடிங்க. ஏலே இசக்கி, நீ பீரோவைப் பிடிக்கியா, பீரோ ஒன்னப் பிடிக்கா? ம்ம்... தூக்கு!" என்பேன். சிரித்துக்கொண்டே தூக்கினால் பாரம் தெரியாது. நாலு கை சேர்ந்தா நாயும் ஆனையைத் தூக்கும் என்பது என் சொந்தச் சரக்கு. எங்கள் பக்கத்தில் கனமான சாமானைத் தூக்குகிறவன் அக்கம்பக்கத்தைக் கூப்பிடாமல் இருந்தால் அது தலைக்கனம். பார்த்தவன் ஓடிப்போய்ப் பிடிக்காமல் இருந்தால் அது அதைவிடப் பெரிய தப்பு. இந்தச் சட்டத்தில்தான் என் பிழைப்பு, மரியாதை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் வந்தாள்.

கடற்கரை ஊர்க்காரி. புருஷன் வடக்கே லாரி ஓட்டுகிறவர். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு குளம், குருவிகுளம் பக்கம் ஒரு குளம், இரண்டிலும் மீன் வளர்க்கிற உரிமையை ஏலத்தில் எடுத்திருந்தாள். மழை பெய்து குளம் பெருகினதும் குஞ்சு விட்டு, தீவனம் போட்டு, வளர்ந்ததும் வலை வீசி விற்க வேண்டும். குளம் இரண்டு, படகு ஒன்று. அதனால் படகு அங்கேயும் இங்கேயும் போய்க்கொண்டே இருக்கும்.

வந்த அன்று ஒரு பழைய குட்டியானை வண்டி. பின்னால் டிரெய்லர். டிரெய்லர் மேல் படகு. நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, டீக்கடையில் இருந்த நாலு பேரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "வாங்கலே, பிடிச்சு எறக்குவோம். பாவம், பொம்பளை ஒத்தையில நிக்கா."

சேலையை இழுத்துச் செருகி, மேலே ஆம்பிளைச் சட்டை போட்ட ஒரு ஒல்லியான அம்மா எங்களுக்கும் படகுக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"நில்லுங்க அண்ணாச்சி. படகு கூச்சப்படும்."

சந்து முனை டீக்கடை சண்முகம் சிரித்த சிரிப்பில் அவன் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்ய? அவள் தனியாகவே படகை இறக்கினாள். பந்தியில் உட்காரவைத்து இலை போடாமல் விட்ட ஐந்து பேர் மாதிரி நாங்கள் நின்று பார்த்தோம்.

இறக்குவதை விட ஏற்றுவதுதான் பார்க்கவேண்டிய காட்சி. டிரெய்லரிலேயே படகை விட்டு வைத்தால் அடிப்பாகம் வளைந்துபோகும் என்று அவள் ஒவ்வொரு தடவையும் இறக்கிக் கவிழ்த்துத்தான் வைப்பாள். ஆகையால் குளம் மாறும்போதெல்லாம் ஏற்ற வேண்டும். முதலில் ஒரு பழைய டயரைப் போட்டு, படகின் ஒரு ஓரத்தை முழங்காலால் நெம்பி, அந்த டயர் மேல் மல்லாத்துவாள். பிறகு வண்டியில் இருந்து கழற்றிய டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு வந்து, அதன் வால் தரையில் படும்படி மூக்கைத் தூக்கி விடுவாள். வாலில் ஒரு இரும்பு உருளை. உடைத்துப் போட்ட தறியில் துணி சுற்றுகிற உருளை அது. பட்டறையில் சொல்லி அங்கே வைத்துப் பற்றவைத்திருந்தாள். படகின் முனையை மட்டும் தூக்கி அந்த உருளை மேல் வைப்பாள். முனையில் கட்டிய கயிறு டிரெய்லரின் முன் வளையத்தில் நுழைந்து திரும்பி அவள் கைக்கே வரும். படகின் பின்னால் போய் ஒரு தள்ளு. கயிற்றை இழுத்துக் கொக்கியில் ஒரு சுற்று. கொஞ்சம் மூச்சு. மறுபடி ஒரு தள்ளு, ஒரு சுற்று. அவசரமே கிடையாது. படகு பாதி தாண்டி சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கனம் போனதும், தூக்கி நின்ற டிரெய்லரின் மூக்கு, தண்ணீர் குடிக்கக் குனிகிற மாடு மாதிரி தானாக இறங்கும். சத்தமே இராது.

"பாதி தாண்டிட்டா அதுவே படுத்துக்கிடும்," என்பாள்.

இன்னொரு நாள் நான் சும்மா இருக்கமாட்டாமல், "ஏம்மா, நாலு பேர் பிடிச்சா ஒரே தூக்குல்லா?" என்று கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே பதில் வந்தது.

"தூக்குதவனுக்குத்தான் ஆளு வேணும் அண்ணாச்சி. நகட்டுதவளுக்கு நேரம் போதும்."

இதெல்லாம் முடிந்ததும் டிரெய்லரைக் கையாலேயே சந்து முனை வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அங்கே நிறுத்தியிருக்கிற வண்டியில் மாட்டிக்கொண்டு போய்விடுவாள். முட்டுச்சந்து அல்லவா, உள்ளே வண்டி வந்தால் பின்னாலேயே போக வேண்டும்.

சண்முகம் டீக்கடை பெஞ்சு அதுவரைக்கும் ரோட்டைப் பார்த்துக் கிடந்தது. அதைச் சந்துப் பக்கம் பார்க்கத் திருப்பிப் போட்டான். அது போதாதென்று அவள் சொன்னதையெல்லாம் பொறுக்கி எடுத்துப் புழங்க ஆரம்பித்தான். வீடு கட்டப் பாதியில் நிற்கிறவரைப் பார்த்து, "பாதி தாண்டிட்டா அதுவே படுத்துக்கிடும் வே" என்பான். பெண்டாட்டியோடு சண்டை போட்டு வந்து நிற்கிறவனிடம், "தூக்காத, நகட்டு" என்பான். "நனைஞ்ச கயித்துக்கு ஞாபகம் உண்டு" என்று அவள் ஏதோ முடிச்சைப் பற்றிச் சொன்னதை, ஒரு சம்பந்தி சண்டைக்கே தீர்ப்பாகச் சொல்லிவிட்டான். என் நாயும் ஆனையும் தம் பாட்டுக்குப் படுத்துவிட்டன. எவனும் எழுப்பவில்லை. ஊரில் நல்ல பேச்சு எங்கே கேட்டாலும் மடியில் கட்டிக்கொண்டு வருகிறவன் நான். அவளுடையதை மட்டும் கட்டிக்கொள்ளவும் மனசில்லை, கீழே போடவும் மனசில்லை.

ஒருநாள் யாரோ அவள் படகு ஏற்றுவதை செல்போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஊர் பூராவும் சுற்றிவிட்டுத் திருப்பூரில் இருக்கிற என் மச்சினன் வரைக்கும் போய்விட்டது. அவன் போன் போட்டான்.

"அத்தான், வீடியோ பாத்தேன். அந்தம்மா என்னமா ஏத்துதா! ஆமா, ஓரத்துல சாரத்தை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஒரு ஆளு நிக்காரே, அவரு எதுக்கு நிக்காருன்னு இங்கன எல்லாரும் கேக்காங்க."

"அது நான்தாம்லே."

"அதான் அத்தான் கேட்டேன். எதுக்கு நிக்கீய?"

போனை வைத்துவிட்டேன்.

ஆறுதலுக்கு எனக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அந்தக் கயிறு என் கடைக் கயிறு. வாங்க வரும்போது ஒரு முழம் எடுத்து, வாளித் தண்ணீரில் முக்கி, பிழிந்து, முகர்ந்து பார்த்துத்தான் வாங்குவாள். கயிற்றை முகர்ந்து வாங்கினவள் அவள் ஒருத்திதான். ஒருநாள் பெஞ்சில் உட்கார்ந்து, படகு ஏறுகிறதைப் பார்த்துக்கொண்டே சண்முகத்திடம் சொன்னேன்.

"என்னதான் இருந்தாலும், இழுக்கது நம்ம கயிறுதான் பாத்துக்கோ."

சண்முகம் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "தாலியைச் செஞ்ச ஆசாரி, நான்தான் இவங்க குடும்பத்தையே நடத்துதேன்னு சொன்னானாம்."

அவள் புருஷன் லாரியில் இருந்து வந்தால் நாலைந்து நாள் தங்குவார். நல்ல மனுஷன். பெரிய மீசை. அவர் வந்திருக்கும்போது ஒருதடவை படகு ஏறியது. அவர் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்களும் பிடிக்கலையா அண்ணாச்சி?"

"நானா?" என்று மீசையைத் தடவினார். "கட்டுன புதுசுலயே சொல்லிட்டா. படகும் அடுப்பும் என்னுது, லாரியும் மீசையும் ஒம்மதுன்னு."

அன்றைக்கு ராத்திரி எனக்கு நல்ல தூக்கம். கட்டின புருஷனுக்கே இல்லாதது நமக்கு எதற்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அந்தத் தேறுதலும் நீடிக்கவில்லை. காரணம் என் வீட்டுக்காரி கோமதி.

கோமதி அவளோடு பெரிதாகப் பேசிப் பழகியதாக நான் பார்த்ததில்லை. எதிர் எதிர் வாசல். இவள் தண்ணீர் தெளிப்பாள், அவள் வலையைக் காயப்போடுவாள். அவ்வளவுதான். ஒருநாள் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். வடக்குச் சுவரில் இருந்த பீரோ தெற்குச் சுவரில் நிற்கிறது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த பீரோ அது. ஆறு பேர் சேர்ந்து, நான் சத்தம் கொடுத்து, உள்ளே கொண்டுவந்தது.

"ஏட்டி, யாரு வந்து பிடிச்சா?"

"யாரும் வரல. காலுக்கு அடியில ஈரச் சாக்கைச் சொருகினேன். நகட்டினேன். வந்துட்டு."

"எனக்கு ஒரு போன் போட்டா வந்திருக்கமாட்டேனா?"

"நீங்க வந்தா நாலு பேரைக் கூட்டிட்டு வருவீய. நாலு பேருக்கு டீ போடணும். டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் பேச்சைக் கேக்கணும். பீரோவே தேவலை."

தட்டைத் தள்ளி வைத்தேன். பீரோவுக்காக இல்லை. அதை இழுத்து வைத்துவிட்டு அவள் நின்ற நிற்பு இருக்கிறதே, அது எதிர் வீட்டு நிற்பு.

அதன்பிறகு எனக்கு ஒரே ஆசைதான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஒருநாள், ஒரே ஒருநாள், அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, "அண்ணாச்சி, ஒரு கை பிடிங்க" என்று சொல்ல வேண்டும். தெரு பார்க்கச் சொல்ல வேண்டும். முக்கியமாகக் கோமதி பார்க்கச் சொல்ல வேண்டும்.

அந்த நாள் வந்துவிட்டது என்றே நினைத்தேன். கார்த்திகை மாசம். விடாமல் மழை. குருவிகுளம் பக்கத்துக் குளம் நிரம்பி மறுகால் பாய்கிறது, வலை கட்டாவிட்டால் மீனெல்லாம் ஓடையில் போய்விடும் என்று அவளுக்குப் போன் வந்திருக்கிறது. முந்தின நாள்தான் கரையில் வழுக்கி விழுந்து அவள் வலது மணிக்கட்டு பூரி மாதிரி வீங்கியிருந்தது. துணியை ஒரு கையாலும் பல்லாலும் இழுத்து அவளே கட்டுப் போட்டிருந்தாள். நான் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எதிர்க்கதவு திறந்தது. நனைந்துகொண்டே நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் சாரத்தை மடித்துக் கட்டிவிட்டேன். அது தானாகவே கட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

"அண்ணாச்சி," என்றாள்.

"சொல்லும்மா!"

"கோமதி இருக்காளா?"

கோமதி அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பின்னாலேயே போனாள். நான் குடையை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் அல்லாடினேன். படகுக்காரம்மா கயிற்றின் நுனியைக் கோமதி கையில் கொடுத்தாள்.

"இத இழுக்காத. விடாத. சும்மா பிடிச்சிட்டு நில்லு."

கோமதி நின்றாள். படகுக்காரம்மா தோளால் தள்ளினாள். படகு ஒரு சாண் ஏறியது. கோமதி கையில் கயிறு தளர்ந்ததும் அவளே ஒரு சுற்றுச் சுற்றினாள். யார் சொல்லிக் கொடுத்தது? மறுபடி ஒரு தள்ளு, ஒரு சுற்று. இரண்டு பேரும் ஒரு பேச்சுப் பேசவில்லை. மழைச் சத்தம் மட்டும்தான். பிறகு இரண்டு பேருமாக வண்டியில் ஏறிக் குளத்துக்குப் போய்விட்டார்கள். குடையோடு நான் நின்றேன். சண்முகம் டீக்கடையில் இருந்தபடியே, "அண்ணாச்சி, குடைக்கு ஒரு கை பிடிக்கணுமா?" என்று கேட்டான்.

சாயங்காலம் கோமதி தொப்பலாக நனைந்து, கையில் இரண்டு கட்லாவோடு வந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே கிடையாது. மூத்தவள் பிறந்தபோது கொஞ்சம் அதற்குப் பக்கத்தில் வந்திருக்கும்.

"என்னட்டி நடந்துச்சு? குளத்துல என்ன செஞ்சீய?"

"ஒண்ணுமில்ல. கயித்தப் பிடிச்சிட்டு நின்னேன்."

"அதில்ல. படகுல ஏறினியா? ஆழமா இருந்துச்சா? பயமா இருந்துச்சா?"

"மீனை அரியட்டா, பேசட்டா?"

எனக்குத் தெரியாத ஒரு நாள் என் பெண்டாட்டிக்கு இருக்கிறது. அந்தக் குழம்பு ருசியாக இருந்தது என்பதைக்கூடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இதற்குமேல் முடியாது என்று ஒருநாள் அவள் கடைக்கு வந்தபோது நேராகவே கேட்டுவிட்டேன். கடையில் வேறு யாரும் இல்லை. கயிற்றை வாளியில் முக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, தப்பா நினைக்காத. இத்தனை நாளும் எதிர்லயே இருக்கோம். நான் ஒரு தடவை பிடிக்கலாகாதா? நான் பிடிச்சா படகு ஏறாதா?"

கயிற்றைப் பிழிந்தாள். முகர்ந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சண்டைப் பார்வை இல்லை.

"நீங்க பிடிச்சா படகு ஏறிரும் அண்ணாச்சி. அதுல சந்தேகமில்ல. ஏறின பொறவு நீங்க எறங்க மாட்டீய."

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் சாயங்காலம் வரை ஒருவரிடமும் பேசவில்லை. வாடிக்கைக்காரர் ஒருவர், "அண்ணாச்சிக்குக் காய்ச்சலா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ராத்திரி கோமதியிடம் அதைச் சொல்லிப் பொருமினேன். "நான் என்ன அவ படகைத் தூக்கிட்டா போயிருவேன்?"

கோமதி மாவு கரைத்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"அவ அப்பா படக அப்படித்தான் தூக்கிட்டுப் போனாங்க."

"யாரு?"

"அவங்க ஊர்ல படகு கரைக்கு வந்தா, கரையில நிக்க ஆளெல்லாம் ஓடிப்போய் இழுத்து மணல்ல ஏத்துவாங்களாம். கை வச்ச ஆளுக்கெல்லாம் ஒரு கை மீன். அது அங்கன மொறை. அப்பா செத்ததும், கை வச்ச ஆளெல்லாம் வீட்டு முன்னால வந்து நின்னாங்களாம். 'நான் தூக்காத நாளு உண்டா'ன்னு ஒருத்தன், 'நான் பிடிக்காமலா இந்தப் படகு கரை ஏறுச்சு'ன்னு ஒருத்தன். ஆம்பளப் பிள்ள இல்லாத வீடு. வலை ஒரு பக்கம் போச்சு, துடுப்பு ஒரு பக்கம் போச்சு. கடைசியில படகும் போச்சு. எல்லாரும் நல்லவங்கதானாம். இவ அம்மைக்கு மருந்து வாங்கிக் குடுத்தவங்கதானாம்."

படகுக்காரம்மா மேல் இருந்த கோபம் போய்விட்டது. சத்தியமாகப் போய்விட்டது. ஆனால் அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?"

"அவ சொன்னா."

"எங்கிட்டச் சொல்லலையே."

"நீங்க கேட்டீயளா?" என்றாள் கோமதி. "பிடிக்கட்டுமா பிடிக்கட்டுமான்னுதானே கேட்டீய."

அடுத்த கோடையில் அவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். புருஷனுக்குத் தூத்துக்குடியிலேயே லாரி ஓட்டம் கிடைத்திருந்தது. இவளும் அந்தப் பக்கம் உப்பங்கழியில் நண்டு வளர்க்கப் போகிறாளாம். அவர் முன்னாலேயே போய் வீடு பார்த்துவிட்டார். இவள் மட்டும் சாமானோடு கிளம்பினாள். தெரு முழுக்க வந்து நின்றது. ஒருவரும் முன்னால் போய்க் கை வைக்கவில்லை. இத்தனை நாளில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. நானும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். இன்றைக்குக் கேட்கமாட்டேன், ஜாடைகூடக் காட்டமாட்டேன் என்று வீம்பு.

அன்றைக்கு வண்டியைச் சந்துக்குள்ளேயே கொண்டுவந்திருந்தாள். படகை டிரெய்லரில் ஏற்றி, படகுக்குள்ளேயே வீட்டுச் சாமானை எல்லாம் அடுக்கினாள். கட்டில் பலகை, அண்டா, தையல் மிஷின், வலை மூட்டை. மேலே தார்ப்பாய். இவ்வளவு பாரத்தைச் சந்து முனை வரைக்கும் கையால் தள்ள முடியாது. ஆகவே டிரெய்லரை வண்டியில் மாட்டிவிட்டு, பின்னாலேயே எடுக்க ஆரம்பித்தாள். டிரெய்லரைப் பின்னால் எடுத்தவர்களுக்குத் தெரியும். ஸ்டீயரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் அது அந்தப் பக்கம் போகும். கொஞ்ச தூரம் வருவாள், நிறுத்துவாள், இறங்கி வந்து பார்ப்பாள், மறுபடி ஏறுவாள். யாரையும் கேட்கவில்லை.

சந்து முனைக்கு முன்னால் இரண்டு பக்கச் சுவரும் நெருங்கி வருகிற இடம் ஒன்று உண்டு. அங்கே வண்டி நின்றது. கதவைத் திறந்தாள். கதவு சுவரில் இடித்தது. அந்தப் பக்கக் கதவும் அப்படித்தான். இறங்க முடியாது. கண்ணாடியில் பார்த்தால் தார்ப்பாய்தான் தெரியும். பின்னால் முனையில் ஒரு பக்கம் கரண்டுக் கம்பம், ஒரு பக்கம் மூடி இல்லாத சாக்கடை. என்ஜின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. முனையில் சண்முகம் நின்றான், கோமதி நின்றாள், நான் நின்றேன்.

கண்ணாடி இறங்கியது. தலை வெளியே வந்தது.

"அண்ணாச்சி."

வேறு யாராவது அண்ணாச்சி இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, பின்னால பாத்துச் சொல்லுங்க."

வாயால் பிழைக்கிறவனுக்கு வாய் வரவில்லை. சண்முகம் முதுகில் ஒரு குத்து விட்டான். "சொல்லும் வே!"

"வா..." என்றேன். "வா... வா... நேரா வா. இடது பக்கம் ஒடி. கொஞ்சம். கொஞ்சம்தான். போதும். வா... வா..."

படகின் வால் என்னைப் பார்த்து வந்தது. இப்படிச் சொல்கிறவன் வண்டியைக் கையால் தட்டித் தட்டித்தான் சொல்லுவான். எனக்கும் கை நீண்டுவிட்டது. படகுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் அதைப் பிடித்து நிறுத்தி, மடக்கி, பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு வேடிக்கை பேசவில்லை. இசக்கியும் இல்லை, நாயும் இல்லை, ஆனையும் இல்லை. "வா", "ஒடி", "போதும்". இந்த மாதிரி நாலைந்து சொல்லுக்குமேல் நான் அன்றைக்குப் பேசவில்லை. கம்பத்துக்கும் டயருக்கும் நடுவில் ஒரு கை நுழையும், அவ்வளவுதான். அவள் திரும்பியே பார்க்கவில்லை. நான் சொல்லச் சொல்ல வந்தாள்.

ரோட்டில் ஏறி, வண்டியை நேராக்கி, ஒரு கையை வெளியே நீட்டி ஆட்டினாள். போய்விட்டாள். வா வா என்று கூப்பிட்டே நான் அவளை ஊரை விட்டு அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குச் சண்முகம் எனக்குக் கொடுத்த டீயோடு ஒரு வார்த்தை கிண்டல் சேர்க்கவில்லை. நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தால், கோமதி முகம் கொடுக்கவில்லை. பாத்திரத்தை வைக்கிற சத்தத்திலேயே தெரிந்தது. தட்டை நகர்த்தினாள். தோசை வந்து விழுந்தது.

"என்னட்டி, அவ போனது வருத்தமா?"

"அதெல்லாம் இல்ல."

"பின்ன?"

சட்டுவத்தால் கல்லைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"எங்கிட்ட கயித்தக் குடுத்தா. பிடிச்சேன். அன்னைக்குப் பூரா அவ கண்ணு எங் கை மேலதான் இருந்துச்சு. விட்டுருவேனோ விட்டுருவேனோன்னு பாத்துக்கிட்டே இருந்தா." அடுப்பைக் குறைத்தாள். "ஒங்ககிட்ட மட்டும் பாக்காமலே வந்துட்டா."

அவள் குரலில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். எதிர்வீட்டைப் பார்த்து வருகிற அந்த வயிற்றெரிச்சலோடு அத்தனை வருஷம் குடித்தனம் செய்தவன் நான். பாவமாகத்தான் இருந்தது. தேற்றுவதற்கு நாலு வார்த்தை என்னிடம் எப்போதும் கையிருப்பு உண்டு.

"இன்னொரு தோசை வையி," என்றேன்.